டாஸ்க் அனாலிசிஸ்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: செயலி ஒன்றுக்கு டாஸ்க் அனாலிசிஸ், அதாவது பயன்படுத்துபவரின் பணியைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வு, செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்: திரையைப் பார்த்துத் தொடங்காதீர்கள். பட்டன்களை வரிசையாக எழுதினால் உங்கள் செயலியின் வரைபடம்தான் கிடைக்கும். பயன்படுத்துபவர் எதை முடிக்க வந்தார் என்று முதலில் ஒரு வரி எழுதுங்கள். ஏடிஎம்முக்கு வருபவரின் நோக்கம் பணம். அது கைக்கு வந்ததும் அவர் மனத்தில் வேலை முடிந்துவிடும். அதனால்தான் பணத்தை முதலில் தரும் இயந்திரங்களில் கார்டை மறந்துவிட்டுப் போனார்கள். கார்டை எடுத்தால்தான் பணம் வரும் என்று வரிசையை மாற்றியதும் அந்த மறதிக்கு இடமில்லாமல் போனது. படிகளை மட்டும் எழுதியிருந்தால் இந்தச் சிக்கல் தாளில் தெரியவே தெரியாது.

நோக்கத்தின் கீழே துணைப்பணிகள் வரும். அவற்றை எப்போது, எந்த வரிசையில் செய்வார் என்கிற திட்டமும் ஒவ்வொரு மட்டத்திலும் வேண்டும். 1967இல் ஆய்வாளர்கள் அனெட்டும் டங்கனும் முன்வைத்த படிநிலைப் பகுப்பாய்வு இதுதான். தவறும் வாய்ப்பும் தவறினால் வரும் நஷ்டமும் குறைவாக உள்ள இடத்தில் பணியை மேலும் உடைப்பதை நிறுத்திவிடலாம்.

கேள்வி: ஒவ்வொரு சிறு செயலுக்கும் ஆகும் நேரத்தைக் கூட்டிப் பார்க்கும் கே.எல்.எம். கணக்கு ஒன்று போட்டுக் காட்டுவீர்களா?

பதில்: பிறந்த தேதியை நிரப்பும் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். யோசிக்க 1.35 விநாடி, மவுஸால் குறிவைக்க 1.1, கிளிக்குக்கும் ஒவ்வொரு விசைக்கும் 0.2, கை கீபோர்டுக்கு மாற 0.4. எட்டு இலக்கங்களைத் தட்டினால் மொத்தம் 4.65 விநாடி. காலண்டரில் கட்டம், ஆண்டுப் பட்டியல், ஆண்டு, மாதப் பட்டியல், மாதம், நாள் என ஆறு கிளிக், மூன்று யோசனை: 11.85. ஆண்டைத் தேடி உருட்டும் நேரம் இதில் சேரவில்லை.

ஆனால் இது பழகிய கை, பிழையே செய்யாதபோது ஆகும் நேரம். நாளை முதலில் தட்டுவதா மாதத்தையா என்று ஒருவர் குழம்புவதை இந்தக் கணக்கு காட்டாது. அதற்கு ஆளை உட்காரவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: சோதனைக்கு எத்தனை பேர் வேண்டும்?

பதில்: வழக்கமாக ஐந்து பேர் என்பார்கள். அது 1993இல் ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் போட்ட கணக்கிலிருந்து வந்தது. ஒருவர் சராசரியாக 31% சிக்கல்களை வெளிக்கொண்டுவந்தால், ஐந்து பேரில் சுமார் 85% தெரிந்துவிடும். உங்கள் பொருளில் அந்த 31 குறைந்தால் ஐந்து போதாது.

கேள்வி: ஐந்து பேர் போதுமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: பயன்படுத்த எவ்வளவு எளிது என்று கேட்கும் எஸ்.யு.எஸ். வினாப்பட்டியலில் மதிப்பெண் 70 என்றால் 70% பேருக்குப் பிடித்திருக்கிறதா?

பதில்: இல்லை. அது சதவீதமே இல்லை. சராசரி 68 அளவில் இருக்கும்.

கேள்வி: கே.எல்.எம். போன்ற மாடலெல்லாம் எதற்கு? ஆட்களை வைத்துச் சோதித்தாலே போதுமே.

பதில்: அமெரிக்காவின் நைனெக்ஸ் தொலைபேசி நிறுவனத்தில் ஆபரேட்டர்களுக்குப் புதுக் கணினிகள் வந்தன. வேகம் கூடும் என்று எல்லோரும் நம்பினார்கள். கே.எல்.எம். போலவே நேரத்தை முன்கூட்டிக் கணக்கிடும் கோம்ஸ் மாடலோ ஓர் அழைப்புக்கு 0.63 விநாடி கூடும் என்றது. களத்தில் 0.65 கூடியது. அழைப்பின் தொடக்கத்தில், எப்படியும் காத்திருக்கும் நேரத்தில் அடிக்கும் விசைகளைக் குறைத்திருந்தார்கள். முடிவில், எதற்கும் காத்திருக்காத இடத்தில் கூட்டிவிட்டார்கள். கூடியது எவ்வளவு என்பதைக் களச்சோதனை சொன்னது. ஏன் கூடியது என்பதை மாடல் சொன்னது.

மீண்டும் அவரே: ஆபரேட்டர் அதை நாள் முழுக்கச் செய்பவர். எங்கள் செயலியை வருடத்துக்கு ஒரு முறைதான் திறப்பார்கள்.

பதில்: சரி, இது நியாயமான மறுப்பு. அங்கே கோம்ஸ் வேண்டாம். படிநிலை வரைபடத்தின் ஒவ்வொரு படியிலும் நான்கு கேள்வி கேளுங்கள். இதைச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றுமா? செய்யும் இடம் கண்ணில் படுமா? அது இதற்குத்தான் என்று புரியுமா? செய்தபின் நகர்ந்தோம் என்று தெரியுமா? 'இல்லை' வரும் படிகளைக் குறித்துவைத்து, சோதனையில் அங்கே கூர்ந்து பாருங்கள்.

மீண்டும் அவரே: நாங்கள் பத்துப் பேரை வைத்துச் சோதித்தோம். எல்லோரும் எளிதாக முடித்தார்கள். மாடல் இல்லாமலே!

பதில்: பணியை எப்படிச் சொன்னீர்கள்? "செட்டிங்ஸ் திறந்து அறிவிப்பை நிறுத்துங்கள்" என்றா? அப்படியென்றால் வழியை நீங்களே சொல்லிவிட்டீர்கள். "இரவில் இந்தச் செயலி உங்களை எழுப்பக் கூடாது" என்று மட்டும் சொல்லி, அதே சோதனையைப் புதிதாக ஐந்து பேரிடம் நடத்திப் பாருங்கள்.