வெள்ளிக்கிழமை ஸ்டேக்கை நிறுத்த வேண்டாம், துண்டை மாற்றுங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. எங்களுக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். பல வருடமாகத் தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகே பைன்டவுனில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், இரண்டு பிள்ளைகள். வெள்ளிக்கிழமை தவறாமல் குடும்பத்தோடு மாட்டிறைச்சி ஸ்டேக் சாப்பிட வெளியே போவோம். அவருக்கு அதுதான் வாரத்தின் பெரிய சந்தோஷம், எனக்கும் பிடிக்கும். ஆனால் கிரெடிட் கார்டில் 18,000 ராண்ட் பாக்கி இருக்கிறது, வட்டி 21 சதவீதம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமையை நிறுத்திவிடலாம் என்று சொன்னேன், வீட்டில் இரண்டு நாள் பேச்சே இல்லை. சரி, வீட்டிலேயே செய்யலாம் என்று விலை குறைந்த துண்டாகப் பார்த்து வாங்கினேன். செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. மெத்தென்ற ஃபில்லெட் துண்டு வாங்கினால் விலை கொள்ளை. இப்போது அவர், ஓய்வூதிய நிதியிலிருந்து பணம் எடுத்து பெரிய ஃப்ரீசர் ஒன்றும் பாதி மாடும் வாங்கிப் போடலாம் என்கிறார். ஹோட்டல் பில்லையும் பக்கத்து இறைச்சிக் கடை விலைப்பட்டியலையும் இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, பைன்டவுன்

பதில்: வணக்கம் சகோதரி. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமையை நிறுத்த வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் பிடித்த ஒன்றை வெட்டி எறிந்து போடுகிற பட்ஜெட் இரண்டு மாதம் தாங்காது. மூன்றாவது மாதம் கோபத்தோடு சேர்த்துச் செலவும் திரும்பி வரும். அந்தச் சந்தோஷத்துக்கு நீங்கள் கொடுக்கிற விலைதான் அதிகம். அதைக் குறைக்க வழி இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய பில்லைப் பார்ப்போம். 200 கிராம் ஃபில்லெட் இரண்டு, 530 ராண்ட். பிள்ளைகளுக்கு பர்கர் இரண்டு, 190. வெங்காய வளையம் 55, குளிர்பானம் நான்கு 152, கடைசியில் ஒரு மால்வா புட்டிங் 68. மொத்தம் 995, டிப்ஸ் 100 சேர்த்து 1,095. இதில் உங்கள் கணவர் ஆசைப்பட்டுப் போகிற ஸ்டேக்குக்குப் போனது பாதிக்குக் கொஞ்சம் கீழே. அந்த 400 கிராமைக் கிலோ கணக்கில் போட்டால் 1,325 ராண்ட் வருகிறது. நீங்கள் அனுப்பிய பட்டியலில் அதே ஃபில்லெட் கிலோ 365, ரம்ப் என்ற பின்புறச் சதை 199, தோளிலிருந்து வரும் பிளாட் அயர்ன் 169, ஷார்ட் ரிப் என்ற விலாத் துண்டு 149, சக் என்ற கழுத்து-தோள் இறைச்சி 139.

இன்னொன்றும் கவனியுங்கள். ஹோட்டல் தட்டில் வருகிற உருளைக்கிழங்கு, சாலட், எல்லாவற்றுக்கும் 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு. கடையில் வாங்கும் பச்சைக் காய்கறிக்கும் பழத்துக்கும் அரிசிக்கும் வாட் கிடையாது. இறைச்சிக்கு மட்டும் எங்கே வாங்கினாலும் 15 சதவீதம் கட்டித்தான் ஆக வேண்டும். ஆக, வீட்டில் சமைக்கும்போது தட்டின் பாதி வரியில்லாமல் வருகிறது.

இப்போது செருப்புத் தோல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் திட்டம் நிற்பதும் விழுவதும் இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபில்லெட்டுக்கு அந்த விலை அதன் மென்மைக்காக. முதுகெலும்பின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் அந்தச் சதைக்கு மாட்டின் வாழ்நாளில் பெரிய வேலை எதுவும் இல்லை, அதனால் மெத்தென்று இருக்கும். ஒரு மாட்டில் அது மிகக் குறைவாகவே கிடைக்கும் என்பதால் விலையும் ஏறிவிடுகிறது. ஆனால் ருசி என்று பார்த்தால் எல்லாத் துண்டையும் விடச் சாது. தோள், மார்பு, வயிற்றுப் பக்கம் என்று உழைக்கிற சதைகளில்தான் மாட்டிறைச்சியின் அழுத்தமான ருசி இருக்கிறது. உங்கள் ஊரில் மிளகு போட்டு வறுக்கிற இறைச்சியை நினைத்துப் பாருங்கள், அதற்கு யாரும் ஃபில்லெட் தேடுவதில்லை. நீங்கள் வாங்கிய மலிவுத் துண்டு என்னவென்று எழுதவில்லை. டாப்சைடு அல்லது சில்வர்சைடாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டும் பின்தொடைச் சதை. கொழுப்பு குறைவு, நார் அதிகம். சட்டியில் வாட்டுவதற்கு ஏற்றவை அல்ல.

உங்கள் பட்டியலிலேயே இருக்கிற பிளாட் அயர்னில் தொடங்குங்கள். தோள்பட்டை எலும்பின் மேல் படிந்திருக்கும் சதை அது. முன்பெல்லாம் தோள் இறைச்சியோடு சேர்த்து அரைத்துவிடுவார்கள். அமெரிக்காவில் நெப்ராஸ்கா, புளோரிடா பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர்கள் மாட்டின் தோளிலும் தொடையிலும் உள்ள சதைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, மென்மையில் ஃபில்லெட்டுக்கு அடுத்த இடத்தில் இது நின்றது. அதற்குப் பிறகுதான் தனித் துண்டாக விற்க ஆரம்பித்தார்கள். ஒரே குறை, நடுவில் நீளவாக்கில் வெள்ளையாகத் தடித்த நரம்பு ஒன்று ஓடும். எவ்வளவு நேரம் வாட்டினாலும் அது இளகாது. கடைக்காரரிடம், அந்த நரம்பை எடுத்து இரண்டு பாளமாக வெட்டித் தாருங்கள் என்று சொல்லுங்கள். வாங்கும்போதே பிரித்துப் பாருங்கள். நரம்போடு கொடுத்திருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

அன்று காலையிலேயே இரண்டு பக்கமும் உப்புத் தடவி, தட்டில் மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். உப்பு உள்ளே இறங்கும், மேல்பக்கம் காய்ந்துவிடும். ஈரமாக இருந்தால் சட்டியில் வேகுமே தவிர சிவக்காது. கனமான இரும்புச் சட்டியைப் புகை கிளம்பும் அளவுக்குக் காயவிட்டு, சொட்டு எண்ணெய் ஊற்றி, துண்டுகளை இடைவெளி விட்டுப் போடுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பலாம், தவறில்லை. கடைசியில் அடுப்பைக் குறைத்து ஒரு கரண்டி வெண்ணெய், நசுக்கிய பூண்டு, இடித்த மிளகு, கொஞ்சம் கறிவேப்பிலை. உருகிய வெண்ணெயைக் கரண்டியால் அள்ளி அள்ளி மேலே ஊற்றுங்கள். ஹோட்டலில் வராத மணம் அப்போது வரும்.

எப்போது இறக்குவது என்பதைக் கண்ணால் கணிக்க முயல வேண்டாம். சில நூறு ராண்டுக்கு இறைச்சி வெப்பமானி கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். நடுவில் குத்தினால் 55 டிகிரி காட்டும்போது உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்றால் 63 டிகிரி வரை போய், மூன்று நிமிடமாவது ஆறவிடுங்கள், அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பு அளவு அதுதான். 70ஐத் தாண்டிவிட்டால் மறுபடியும் உங்கள் பழைய கதைதான். வெட்டும்போது தட்டில் வடிகிற சிவப்பு நீர் ரத்தம் என்று சில வீடுகளில் பயப்படுகிறார்கள். அது மயோகுளோபின் என்ற தசைப் புரதம் கலந்த நீர். ரத்தம் அறுக்கும்போதே வடிந்துவிடுகிறது.

ஐந்து நிமிடம் ஆறிய பிறகு, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்கே மெல்லிய துண்டுகளாக நறுக்குங்கள். ஸ்கர்ட், ஃபிளாங்க் என்ற வயிற்றுப் பக்கத் துண்டுகள் கிடைத்தால் இது இன்னும் முக்கியம். அவற்றில் நார் விரல் விரலாகக் கண்ணுக்கே தெரியும். நார் போகிற வாக்கில் நறுக்கினால் மெல்ல முடியாது, குறுக்கே நறுக்கினால் அதே இறைச்சி வாயில் கரையும். இறைச்சியை மென்மையாக்கப் பச்சைப் பப்பாளி தடவுவதென்றால் அரை மணி நேரம் போதும், ராத்திரி முழுக்க ஊறினால் மேல்பக்கம் கூழாகிவிடும்.

ஷார்ட் ரிப், சக் இரண்டையும் ஸ்டேக் மாதிரி வாட்ட வேண்டாம். மூடிய பாத்திரத்தில் சிறு தீயில் மூன்று மணி நேரம் வேகவிடுங்கள். அவற்றின் இணைப்புத் திசு அப்போதுதான் இளகிக் குழம்புக்குக் கெட்டித்தன்மை கொடுக்கும். உள்ளே சிவப்பாக இருந்தால் சாப்பிடமாட்டேன் என்கிறவர்களுக்கும் இதுதான் சரி. உங்கள் ஊர் மசாலாவே போதும்.

கடையில் இன்னொரு விஷயம் பாருங்கள். இங்கே மாட்டை வயதை வைத்து வகைப்படுத்தி, அறுத்த உடலின் மேல் மையால் உருளை முத்திரை போடுகிறார்கள். நிலைப்பல் முளைக்காத இளம் மாடு ஏ வகை, ஊதா மை. ஏபி பச்சை, பி பழுப்பு, வயதான சி வகை சிவப்பு. கொழுப்பின் ஓரத்தில் மை தெரிந்தால் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். சட்டியில் வாட்ட ஏ வகை வேண்டும். மூன்று மணி நேரம் வேகப்போகிற கறிக்கு சிவப்பு மை தாராளமாகப் போதும், ருசியும் அதில் கூடுதல். கறிக்கும் ஊதா மைக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் மாடு சாப்பிடாத வாசகர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். புரட்டாசி முடிந்ததும் ஆட்டுச் சாப்ஸுக்குப் போகிற உங்களுக்கும் இதே கணக்குதான். கழுத்தும் முன்தொடையும் வாங்கி நிதானமாக வேகவிடுங்கள்.

பாதி மாடு யோசனைக்கு என் பதில், வேண்டாம். பாதி மாடு என்றால் நூறு கிலோவுக்கு மேல். விலை எலும்புக்கும் கொழுப்புக்கும் சேர்த்துத்தான். அதில் வாட்டித் தின்கிற துண்டு சொற்பம், மீதியெல்லாம் கறிக்கும் கொத்துக்கறிக்கும். வாரம் ஒரு கிலோ சாப்பிடுகிற வீட்டுக்கு அது எதற்கு? மின்சாரம் நின்றால் அத்தனையும் போச்சு. 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது டர்பனில் எத்தனை வீடுகளில் ஃப்ரீசரைக் காலி செய்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். 2025இல் கோமாரி பரவி மாட்டிறைச்சி விலை ஏறியதிலிருந்து மொத்தமாக வாங்கி வைக்கும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது, புரிகிறது. விலை ஏறினால் துண்டை மாற்றுங்கள், அல்லது அந்த வாரம் கோழி வாங்குங்கள்.

ஓய்வூதியப் பணத்தை இதற்காகத் தொடுவதைத்தான் நான் இன்னும் கடுமையாக மறுக்கிறேன். 2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த, ஓய்வூதிய நிதியைப் பிரித்து வைக்கும் இரண்டு பானை முறையில், மாதாமாதம் கட்டுகிறதில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானைக்குப் போகிறது. அதிலிருந்து வரி ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 2,000 ராண்ட் எடுக்கலாம். ஆனால் எடுப்பது முழுக்க வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி பிடிக்கப்படும், நிதியின் கட்டணம் தனி. உங்கள் கணவர் 31 சதவீத வருமான வரி அடுக்கில் இருந்தால் 10,000 எடுத்தால் கையில் 6,900கூட வராது.

அதே பணத்தால் கார்டு கடனை அடைக்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். அதையும் போட்டுப் பார்த்தேன். 18,000 கையில் கிடைக்க 26,000க்கு மேல் எடுக்க வேண்டும். வரி மட்டும் 8,000க்கு மேல் போகும். கடனை நான் கீழே சொல்கிறபடி அடைத்தால் மொத்த வட்டியே 1,450க்குள் முடிந்துவிடும்.

இதுதான் கணக்கு. மாதம் நான்கு வெள்ளிக்கிழமை, தலா 1,095 என்றால் 4,380. இனி மாதத்தின் முதல் வெள்ளி மட்டும் வெளியே போங்கள், அதில் குறை வைக்க வேண்டாம், புட்டிங் உட்பட. மற்ற மூன்று வெள்ளி வீட்டில். ஒரு கிலோ பிளாட் அயர்ன் 169, உருளைக்கிழங்கு, சாலட், வெண்ணெய், குளிர்பானம் எல்லாம் சேர்த்து 280 வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்கு 840, வெளியே ஒருமுறை 1,095, மொத்தம் 1,935. மிச்சம் 2,445.

சம்பளம் வருகிற மறுநாளே அந்த 2,445 தானாகவே கார்டுக்குப் போகும்படி வங்கியில் டெபிட் ஆர்டர் போடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சினால் கட்டலாம் என்று விட்டால் மிஞ்சாது. இந்தத் தொகை மட்டும் போனாலே, கார்டில் புதிதாக எதுவும் வாங்காதவரை, எட்டு மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். ஏற்கனவே கட்டுகிற குறைந்தபட்சத் தொகையையும் விடாமல் கட்டினால் இன்னும் சீக்கிரம். அந்த எட்டு மாதமும் கார்டை இறைச்சிக் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள், டெபிட் கார்டு போதும். இரும்புச் சட்டிக்கும் வெப்பமானிக்கும் முதல் மாத மிச்சத்தில் கை வைத்துக்கொள்ளுங்கள். அது எனக்குச் சம்மதம்.

கடன் தீர்ந்த பிறகு அதே டெபிட் ஆர்டரை வரியில்லாச் சேமிப்புக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். ஆண்டுக்கு 29,340 ஆகிறது. 2026 மார்ச்சில் இந்தக் கணக்கின் ஆண்டு வரம்பை 36,000இலிருந்து 46,000 ராண்டாக உயர்த்தினார்கள், நீங்கள் அதற்குள்ளேயே இருக்கிறீர்கள். வாழ்நாள் வரம்பு 500,000. வரம்பைத் தாண்டிப் போட்ட தொகைக்கு 40 சதவீத வரி உண்டு, எனவே வேறு வங்கியில் இதே வகைக் கணக்கு உங்கள் பெயரில் ஏற்கனவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் பணம் எடுத்தால் வரம்பில் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. அதனால் அவசரத் தேவைக்கான பணத்தை இதில் வைக்க வேண்டாம்.

கணவரிடம் இதைக் கணக்காகக் கொண்டுபோக வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை சட்டியை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். ஸ்டேக் மேல் இவ்வளவு பிரியம் உள்ளவருக்கு அதை வாட்டக் கற்றுக்கொள்வதும் பிடிக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. கார்டு பாக்கி பூஜ்யமானதும் எழுதுங்கள். வரியில்லாக் கணக்கை வங்கி வைப்பாக வைப்பதா, பங்கு நிதியாக வைப்பதா என்பதைப் பிள்ளைகளின் வயதைப் பார்த்து அப்போது முடிவு செய்யலாம்.