வெளிநாட்டு எண் என்று காவல் நிலையத்தில் கைவிரித்தால்?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. இன்ஸ்டாகிராமில் பெண் பெயரில் பழகிய ஒருவர் அவனுடைய அந்தரங்கப் படங்களை வாங்கி வைத்துக்கொண்டு, பணம் தராவிட்டால் வகுப்பு நண்பர்களுக்கு அனுப்பிவிடுவதாக மிரட்டுகிறார். பயந்துபோய் அவன் அம்மாவின் போனிலிருந்து யுபிஐ மூலம் 6,000 ரூபாய் அனுப்பியிருக்கிறான். இன்னும் கேட்கிறார்கள். வாட்ஸ்அப் எண் வெளிநாட்டு எண். காவல் நிலையத்தில், "வெளிநாட்டில் இருப்பவனை எப்படிப் பிடிப்பது? எண்ணை பிளாக் செய்துவிடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். படம் அனுப்பியதற்காக மகன் மீதே வழக்கு வந்துவிடுமோ?
- ஒரு தந்தை, ஈரோடு

பதில்: ஐயா, இன்றிரவு உங்கள் மகனைத் தனியாக விடாதீர்கள், திட்டாதீர்கள். சட்டத்தைப் பிறகு பார்க்கலாம். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 17 வயது மாணவன் ஒருவன் இதே வகை மிரட்டலுக்கு ஆளாகி, வீட்டில் யாருக்கும் சொல்லாமலேயே உயிரை விட்டான். உங்கள் மகன் உங்களிடம் சொல்லிவிட்டான். அதுவே பெரிய விஷயம்.

அந்த வழக்கைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. மிரட்டியவர்கள் நைஜீரியாவில் இருந்த சகோதரர்கள். 2023 ஆகஸ்டில் நைஜீரியா அவர்களை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. 2024 செப்டம்பரில் இருவருக்கும் தலா பதினேழரை ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. வெளிநாட்டில் இருப்பவனைப் பிடிக்க முடியாது என்பது உண்மையல்ல. எல்லா வழக்கிலும் அப்படி நடக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் புகார் பதிவாகாத வழக்கில் எதுவுமே நடக்காது.

உங்கள் மகன் குற்றவாளி அல்ல. போக்சோ சட்டப்படி அவன் பாதிக்கப்பட்ட குழந்தை. அவனை இப்படிப் பயன்படுத்தியவர் மீது அச்சட்டத்தின் 13, 14ஆம் பிரிவுகளும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் பாயும். மிரட்டிப் பணம் பறித்தது தனிக் குற்றம். குற்றம் செய்தவர் வெளிநாட்டில் இருந்தாலும், அதில் இந்தியாவில் உள்ள கணினி சம்பந்தப்பட்டிருந்தால் நம் சட்டம் செல்லும் என்கிறது அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75ஆம் பிரிவு.

போனில் எதையும் அழிக்க வேண்டாம். எண்ணை பிளாக் செய்வதற்கு முன் உரையாடல், கணக்கின் பெயர், எண், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மகனின் படங்களை ஆதாரம் என்று சித்தப்பாவுக்கோ, வழக்கறிஞருக்கோ, எனக்கோ கூட அனுப்பாதீர்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும் அது பரப்புதல் ஆகிவிடும். இத்தகைய படங்களை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து சொல்லியிருக்கிறது. போனை அப்படியே காவல்துறையிடம் ஒப்படைப்பதுதான் உங்களுக்கும் பாதுகாப்பு.

இனி ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். கொடுப்பார்கள் என்று தெரிந்தால் கேட்பது நிற்காது. போன 6,000 ரூபாய்க்கு உடனே இணையப் பண மோசடிகளுக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். மிரட்டியவர் எந்த நாட்டில் இருந்தாலும், யுபிஐ பணம் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் ஓர் இந்திய வங்கிக் கணக்கில்தான். கமிஷனுக்காகத் தன் கணக்கை வாடகைக்கு விட்ட யாரோ ஒருவர் இங்கேயே இருப்பார். விசாரணையை அங்கிருந்தே தொடங்கலாம். உங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் இதை யோசிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

மீதி வேலை நாடுகளுக்கிடையே நடப்பது. அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் தளத்தில் இத்தகைய படங்கள் இருப்பதை அறிந்தால், காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அங்குள்ள தேசிய மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தியா தொடர்பான தகவல்களைப் பெற நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2019இல் அந்த மையத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. நீதிமன்றத்தில் செல்லும் ஆதாரத்தைப் பெற இந்திய, அமெரிக்கப் பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம் 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்டர்போல் வழியை சிபிஐ கவனிக்கிறது. சட்ட உதவி ஒப்பந்தத்தின் வழியில் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கணக்கின் பதிவுகள் மறைந்துவிடக் கூடாது. காவல்துறை கேட்டால் அமெரிக்க நிறுவனம் பதிவுகளை 90 நாள் பாதுகாத்து வைக்கும். அதை நீட்டிக்கவும் முடியும். ஆகவே புகாரிலேயே, "கணக்குப் பதிவுகளைப் பாதுகாக்கும்படி நிறுவனத்துக்கு உடனே கடிதம் அனுப்ப வேண்டும்" என்று ஒரு வரி எழுதுங்கள்.

படம் பரவாமல் தடுக்க, அதே அமெரிக்க மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையைப் பயன்படுத்துங்கள். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண்வடிவ அடையாளம் மட்டும் இந்தச் சேவையில் இணைந்துள்ள தளங்களுக்குப் போகும். அவை அதை வைத்து அந்தப் படத்தைத் தேடி நீக்கும்.

தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் இன்றே பதிவு செய்துவிட்டு, நாளை எழுத்துப்பூர்வமான புகாருடன் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். போக்சோ 19ஆம் பிரிவின்படி புகாரைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்யாதவருக்கு 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீதிமன்றத்தை அணுகலாம். மகனின் வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவன் பெயரோ, படிக்கும் பள்ளியோ செய்தியில் வரக் கூடாது. அவனோடு பேச ஆள் தேவைப்பட்டால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.