குழி விழுவதற்கு முன்பே தெரியும்: சாலைப் பராமரிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: நேற்றுவரை நன்றாக இருந்த சாலை, ஒரு மழை பெய்த மறுநாளே குழியும் குன்றுமாகிவிடுகிறது. ஒரே மழையில் சாலை கெட்டுப்போகுமா?

பதில்: கெட்டுப்போகாது. நேற்றே அது கெட்டிருந்தது, மழை அதை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் கறுப்பு மேல்தளம் பெரும்பாலும் 4 சென்டிமீட்டர் கனம்கூட இருக்காது. அதற்குக் கீழே தார் கலந்த ஜல்லி, அதற்கும் கீழே தார் சேராமல் இறுக்கிய ஜல்லி, அடியில் மண். சக்கரத்தின் பாரத்தை அகலமாகப் பரப்பி மண்ணுக்கு இறக்குவதுதான் இந்த அடுக்குகளின் வேலை.

மேல்தளத்தில் மயிரிழை விரிசல் விழுந்ததும் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஊறிய ஜல்லியின்மேல் சக்கரம் ஏறும்போது, போக்கிடம் இல்லாத நீர் அந்த விரிசல் வழியாகவே மேலே பீச்சுகிறது. வரும்போது ஜல்லிக்கு இடையிலுள்ள நுண்தூளையும் இழுத்துக்கொண்டு வரும். மழை விட்டபின் விரிசலின் இரு பக்கமும் வெளிறிய சேற்றுக் கறை படிந்திருந்தால் உள்ளே பொந்து விழத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆதாரம் போன மேல்தளம் அடுத்த கனரக வண்டிக்கு உடைகிறது. தார் கல்லைவிட்டுப் பிரிவதும் இதோடு சேர்ந்தே நடக்கும். சிலிக்கா மிகுந்த கிரானைட் போன்ற கற்களில் தாரைவிடத் தண்ணீர் எளிதாக ஒட்டும். அப்படிப்பட்ட கல்லைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், கலவையில் நீற்றிய சுண்ணாம்புத் தூளை 1 முதல் 2 சதவீதம் சேர்ப்பது பலன் தரும்.

கேள்வி: எங்கள் சாலையில் அடைத்த குழியே திரும்பத் திரும்பக் குழியாகிறது. ஒட்டுப்போடுவதற்குச் சரியான முறை என்ன?

பதில்: பெரும்பாலான ஒட்டுகள் கலவையின் குறையால் தோற்பதில்லை. குழியைத் தயார் செய்யாமல் கொட்டுவதால்தான் தோற்கின்றன. முறையான வேலை இப்படி இருக்கும்.

முதலில் குழியைச் சுற்றி, விரிசல் இல்லாத நல்ல பகுதிக்குள் 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை போய், சுண்ணாம்புக் கட்டியால் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ கோடு போட வேண்டும். கோட்டின்மேல் வெட்டும் இயந்திரத்தால் செங்குத்தாக அறுக்க வேண்டும். ஓரம் சரிவாக இருந்தால் அங்கே கலவை மெல்லிய செதிலாக நின்று, சக்கரம் பட்டுப் பட்டுப் பெயரும். பிறகு உறுதியான தளம் வரும்வரை தோண்டி எடுக்க வேண்டும். அடியில் சேறு தட்டுப்பட்டால் அதையும் அள்ளிவிட்டு, ஜல்லி நிரப்பி இடித்து இறுக்கிய பிறகுதான் தார்க் கலவையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்து, காற்றடித்துத் தூசியை அகற்றி உலரவிட்டு, அடியிலும் நான்கு சுவர்களிலும் எமல்ஷனை (தண்ணீரில் கலந்த தாரை) மெல்லியதாகப் பூச வேண்டும். பூசும்போது பழுப்பாக இருக்கும் எமல்ஷன் நீர் பிரிந்ததும் கறுப்பாகும். கறுத்த பிறகே கலவையைப் போட வேண்டும், அதற்கு முன் போட்டால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். நிறையப் பூசினால் நன்றாக ஒட்டும் என்று நினைத்துக் குளம்போல ஊற்றுகிறார்கள். தேங்கிய தார் வெயிலில் மேலே கசிந்து, கலவையையே வழுக்கி நகரவைக்கும்.

சூடான கலவையை ஓரங்களில் முதலில் போட்டு நடுவை நோக்கி நிரப்ப வேண்டும். மண்வெட்டியால் எடுத்து வைக்க வேண்டுமே தவிர, குவித்துக் கொட்டி இழுக்கக் கூடாது. இழுத்தால் பெரிய ஜல்லி தனியாகவும் பொடி தனியாகவும் பிரியும். இறுகும்போது கனம் குறையும் என்பதால், 4 சென்டிமீட்டர் வேண்டுமென்றால் சுமார் 5 சென்டிமீட்டர் தளர்வாகப் போட வேண்டும். குழி ஆழமாக இருந்தால் ஓர் அடுக்கு 7.5 சென்டிமீட்டரைத் தாண்டாமல், ஒவ்வொன்றையும் தனித்தனியாக அதிர்வுத் தட்டாலோ சிறிய ரோலராலோ இறுக்க வேண்டும். முடியும்போது ஒட்டு, சாலை மட்டத்தைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கலாம். போக்குவரத்து அதை அமுக்கிச் சமன்செய்துவிடும். கடைசியாகப் பழைய தளமும் புதிய ஒட்டும் சேரும் கோட்டைத் தார் பூசி அடைக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

மழைக்காலத்தில் இத்தனையும் நடக்காது. அப்போது மூட்டையில் வரும் தரமான குளிர்கலவையை (சூடாக்காமலே போடும் தார்க் கலவையை) போட்டு, லாரிச் சக்கரத்தை அதன்மேல் 4 முதல் 8 முறை ஏற்றி இறக்கினால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கொட்டிவிட்டுப் போவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

கேள்வி: அதிக பாரம் ஏற்றிய லாரிகளால்தான் சாலை கெடுகிறது என்கிறார்கள். கார்களும் பைக்குகளும் எண்ணிக்கையில் அதிகமாயிற்றே?

பதில்: எண்ணிக்கை இங்கே பெரிதாகக் கணக்கில் வராது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கருகே 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகள் அமைத்து லாரிகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அதில் கிடைத்த விதி: சாலைக்கு நேரும் சேதம், அச்சு பாரத்தின் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஓர் அச்சின்மேல் விழும் எடையின்) ஏறக்குறைய நான்காம் அடுக்கில், அதாவது அதே எண்ணை நான்கு தடவை எழுதிப் பெருக்கிய அளவில் கூடுகிறது. பாரம் இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. அனுமதித்ததைவிட 20 சதவீதம் கூடுதலாக ஏற்றினாலே சேதம் இரட்டிப்பாகும். காரின் ஓர் அச்சில் அரை டன்னும் லாரியின் அச்சில் 10 டன்னும் இருப்பதாக வைத்துக்கொண்டால், விகிதம் 20. அதன் நான்காம் அடுக்கு 1,60,000. அதாவது லாரியின் ஓர் அச்சு செய்யும் சேதத்தைச் செய்ய அத்தனை கார் அச்சுகள் போக வேண்டும். இந்த அடுக்கு எண் எல்லாச் சாலைக்கும் சரியாக நான்காக இருப்பதில்லை, அடியிலுள்ள மண்ணையும் சாலைத் தளங்களின் கனத்தையும் பொறுத்து மாறும். ஆனாலும் கார் போவதால் தளம் களைப்பதில்லை என்பது எங்கும் பொருந்தும்.

மொத்த எடையைவிட அது எத்தனை அச்சுகளில் பிரிகிறது என்பதே முக்கியம். அதனால்தான் எடைமேடையில் அச்சு வாரியாக எடை பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

கேள்வி: விரிசலைப் பார்த்தே சாலைக்கு என்ன கோளாறு என்று சொல்ல முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். சக்கரத் தடத்தில் முதலைத் தோல்போலக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் அது பாரம் தாங்காத களைப்பு. அதன்மேல் எத்தனை பூச்சுப் பூசினாலும் நிற்காது, அடித்தளம்வரை எடுத்துச் சரிசெய்ய வேண்டும். ஓரத்துக்கு இணையாக நீளமாக ஓடினால் சாலையோர மண் இறங்கிவிட்டது அல்லது அங்கே தண்ணீர் ஊறுகிறது. குறுக்கே ஒரே சீரான இடைவெளியில் வந்தால், தார் வயதாகி விறைத்துச் சுருங்கியிருக்கலாம். அடியில் கான்கிரீட் தளம் இருந்தால் அதன் இணைப்புகள் மேலே எதிரொலிக்கின்றன.

தனித்தனியாக ஓடும் விரிசல் 3 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றதும் அடைத்துவிட வேண்டும். காற்றடித்துச் சுத்தம் செய்து, உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து, ரப்பர் கலந்த சூடான அடைப்பானை ஊற்றுவார்கள். எங்களைக் கேட்டால், பராமரிப்புப் பணத்தில் முதல் செலவு இதற்குத்தான் போக வேண்டும். பார்வைக்குப் புதுச்சாலை போல இருக்காது, திறப்பு விழாவும் இருக்காது, அதனால் இது தள்ளிப்போடப்படுகிறது என்பதுதான் வருத்தம்.

கேள்வி: புதிதாகப் போட்ட சாலையில் சில மாதங்களிலேயே ஜல்லி உதிர்கிறது. தார் குறைவாகப் போட்டிருப்பார்களோ?

பதில்: அதுவும் இருக்கலாம், ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டையும் ரோலரையும். வழக்கமான தார் வகைக்கு ஆலையில் கலவை 150 முதல் 165 டிகிரி செல்சியஸில் தயாராகிறது. சாலையில் பரப்பும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது. 90 டிகிரிக்குக் கீழே போவதற்குள் ரோலர் வேலை முடிய வேண்டும், அதன்பின் உருட்டினாலும் இறுகாது. தூரத்திலிருந்து தார்ப்பாய் போர்த்தாமல் வந்த கலவை, காற்றடிக்கும் நாளில் மெல்லியதாகப் பரப்பிய அடுக்கு, பழுதாகிப் பாதியில் நின்ற ரோலர், இவைதான் வழக்கமான காரணங்கள். ரோலர் தாழ்ந்த ஓரத்தில் தொடங்கி உயர்ந்த பக்கமாக ஏற வேண்டும். சூடான தளத்தின்மேல் அதை நிறுத்திவைக்கக் கூடாது.

இறுக்கிய தளத்தில் சுமார் 7 சதவீதம் காற்றிடம் (கலவைக்குள் எஞ்சும் சிறு வெற்றிடம்) இருப்பது சரி. 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் காற்றறைகள் ஒன்றோடொன்று இணைந்து தண்ணீருக்கு வழிவிடும். கூடும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் தளத்தின் ஆயுளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போகும் என்பது துறையில் பழகிய கணக்கு. இதை அறிய, தளத்திலிருந்து 10 அல்லது 15 சென்டிமீட்டர் விட்டத்தில் உருளை மாதிரி வெட்டி எடுத்து, கனத்தையும் அடர்த்தியையும் அளப்பார்கள். மாதிரி எடுத்த துளையை அன்றே அடைத்து இறுக்கினார்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: கான்கிரீட் சாலைக்குப் பராமரிப்பே தேவையில்லையாமே?

பதில்: தவறு. கான்கிரீட் பலகைகளுக்கு (சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்து வார்த்த பாகங்களுக்கு) இடையிலுள்ள இணைப்புகளில் அடைப்பான் வயதாகிக் காய்ந்துவிடும். அதை மாற்றாவிட்டால் நீர் இறங்கி, பலகையின் அடி அரித்து, வண்டி போகும்போது முனை ஆடும், பிறகு உடையும். இணைப்புக்குள் கல் புகுந்தால் வெயிலில் விரிய இடமில்லாமல் விளிம்பு தெறிக்கும்.

கேள்வி: பழைய சாலையின் மேலேயே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. இது சரியா?

பதில்: சரியல்ல. தடவைக்கு 5 சென்டிமீட்டர் என்றாலும் மூன்று தடவையில் 15 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். ஓரத்தில் உண்டாகும் படியில் இரு சக்கர வண்டி இறங்கினால் சரிந்து விழும். பழைய விரிசல்களும் புதிய தளத்தில் அதே இடத்தில் எட்டிப்பார்க்கும். கெட்ட தளத்தைச் சுரண்டும் இயந்திரத்தால் எடுத்துவிட்டு, அதே மட்டத்தில் புதிதாகப் போடுவதே முறை. சுரண்டியதை வீணாக்காமல் புதிய கலவையில் ஒரு பங்காகச் சேர்க்கலாம்.

கேள்வி: புகார் கொடுத்தால் "பார்க்கிறோம்" என்ற பதிலோடு நின்றுவிடுகிறது. எப்படி எழுதினால் வேலை நடக்கும்?

பதில்: "சாலை மோசம்" என்று எழுதினால் யாரும் எதையும் திட்டமிட முடியாது. கிலோமீட்டர் கல்லின் எண், அதிலிருந்து எத்தனை மீட்டர், எந்தப் பக்கம், குழியின் நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றை எழுதுங்கள். ஆழத்தை அளக்கக் குழியின் குறுக்கே நேரான கம்பை வைத்து, அதிலிருந்து கீழே அளந்தால் போதும். வண்டி வராத நேரத்தில், கூட ஒருவரை நிறுத்திக்கொண்டு அளங்கள்.

இன்னொன்றையும் சேருங்கள்: மழை நின்றபின் அங்கே தண்ணீர் தேங்குகிறதா, பக்கத்து வடிகால் அடைத்திருக்கிறதா, சாலையோர மண்ணும் புல்லும் தளத்தைவிட உயர்ந்து நீரை மறிக்கின்றனவா? தார்ச்சாலைக்கு நடுவிலிருந்து ஓரம்வரை சுமார் 2.5 சதவீதச் சரிவு வேண்டும். 7 மீட்டர் அகலச் சாலையில் நடு, ஓரத்தைவிட ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். சாலையோர மண்ணுக்கு அதைவிடக் கூடுதல் சரிவு தேவை. நீர் போகும் வழி அடைத்திருப்பதைப் படத்தோடு குறிப்பிட்டு, குழியை அடைப்பதோடு அதையும் வெட்டிவிடும்படி கேளுங்கள். அதை விட்டுவிட்டுக் குழியை மட்டும் அடைத்தால் அடுத்த மழைக்கு அதே கல்லின் எண்ணைப் போட்டு மறுபடியும் எழுத வேண்டிவரும்.