எலும்பு, மூட்டு, தசைப் பெயர்கள் மனதில் நிற்க எப்படிப் படிப்பது?

கேள்வி: பிசியோதெரபி முதலாண்டு படிக்கிறேன். தசைகளின் தொடக்கம், முடிவு, நரம்பு எல்லாவற்றையும் எழுதி எழுதிப் பார்த்தும் ஒரே வாரத்தில் மறந்துவிடுகிறது. கிளாவிக்கிள் என்ற காறை எலும்பைக் கையில் கொடுத்தால் இடதா வலதா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் எப்படிப் படித்தீர்கள்?

பதில்:

முதலாண்டு அனாட்டமி வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், நான் மாட்டிக்கொண்டது மேல்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸில்தான். கேட்டதும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். குறுந்தலை தோள்பட்டை எலும்பின் கோரகாய்டு முனையில், நெடுந்தலை அதே எலும்பின் குழிக்கு மேலே உள்ள முடிச்சில், முடிவு ரேடியஸின் மேட்டில், நரம்பு மஸ்குலோகியூட்டேனியஸ். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட தேர்வாளர், "சரி, திருப்புளியால் திருகாணியை முடுக்கும்போது இந்தத் தசைக்கு என்ன வேலை?" என்றார். "முழங்கையை மடக்கும் சார்" என்றேன். அடுத்த எலும்பை எடுக்கச் சொல்லிவிட்டார்.

அன்று இரவு அறையில் உட்கார்ந்து செய்து பார்த்தேன். நீங்களும் இப்போதே செய்யுங்கள். வலது முழங்கையை மடித்து, இடது கையால் பைசெப்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை முதலில் தரையைப் பார்க்கட்டும், அப்புறம் அழுத்தித் திருப்பி மேலே பார்க்க வையுங்கள். திருப்பும்போது தசை பிடித்த கைக்குள் புடைத்து எழும். வலது கையால் திருகாணியை முடுக்கும்போது நடப்பது இதுதான்.

காரணம் நான் ஒப்பித்த வரிக்குள்ளேயே இருந்தது. ரேடியஸ் என்பது முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள எலும்பு. உள்ளங்கையைக் கீழே திருப்பினால் அது பக்கத்து எலும்பான அல்னாவின் மேல் குறுக்காகப் படுக்கிறது. பைசெப்ஸ் ஒட்டியிருக்கும் மேடும் கூடவே பின்பக்கம் சுழன்றுவிடுவதால், பம்பரத்தில் கயிறு சுற்றியதுபோல, தசையை எலும்போடு கட்டும் டெண்டான் எலும்பைச் சுற்றிக்கொள்கிறது. கயிற்றை இழுத்தால் பம்பரம் சுழலத்தானே வேண்டும்! முழங்கையை மடக்கும் முக்கிய வேலை பைசெப்ஸுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பிரேக்கியாலிஸினுடையது. அது போய் ஒட்டுவது அல்னாவில். அல்னா ரேடியஸைப்போல உருளாது, அதனால் பிரேக்கியாலிஸுக்கு மடக்குவதைத் தவிர வேறு வேலை தெரியாது.

அதற்குப் பிறகு நான் தசையின் 'செயல்' என்ற பத்தியை மனப்பாடம் செய்வதையே விட்டுவிட்டேன். தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே எந்தத் தசையைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் போதும்: இது எந்த மூட்டைத் தாண்டுகிறது? மூட்டின் எந்தப் பக்கமாகத் தாண்டுகிறது? முன்னால் தாண்டினால் ஒரு அசைவு, பின்னால் தாண்டினால் அதன் எதிர் அசைவு, சுற்றிக்கொண்டு போனால் சுழற்சி. தொடக்கமும் முடிவும் தெரிந்தால் செயலை நீங்களே சொல்லிவிடலாம். முழங்காலில் மட்டும் திசை மாறும் என்பதை நினைவில் வையுங்கள். முழங்கையை மடக்கும் தசைகள் முன்னால் இருக்கின்றன, முழங்காலை மடக்குபவை பின்னால்.

கெண்டைக்காலில் இதைச் சோதிக்கலாம். கேஸ்ட்ராக்னீமியஸ், சோலியஸ் இரண்டும் ஒரே அக்கிலிஸ் டெண்டான் வழியாகக் குதிகாலில் முடிகின்றன. முதலாவது தொடை எலும்பில் தொடங்குவதால் முழங்காலையும் கணுக்காலையும் தாண்டுகிறது. சோலியஸ் முழங்காலுக்குக் கீழேயே தொடங்குகிறது. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை மடித்தால் கேஸ்ட்ராக்னீமியஸ் தளர்ந்துவிடும், அந்த நிலையில் குதிகாலைத் தூக்கும் பாரம் பெரும்பாலும் சோலியஸ் தலையில். நின்றுகொண்டு தூக்கினால் இரண்டும் வேலை செய்யும். பிசியோதெரபியில் இந்த வேறுபாடு அடிக்கடி உதவும், இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்.

எலும்புகளுக்கு வருவோம். பெரியவர்களுக்கு 206. அந்த எண்ணிக்கையைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரு கையின் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை 27, ஒரு பாதத்தில் 26. இரண்டு பக்கமும் சேர்த்தால் 106, பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. மீதியிலும் பெரும்பாலானவை இடமும் வலமும் ஒன்றுபோல இருப்பவை.

உண்மையான தலைவலி எலும்பின் மேடு பள்ளங்கள்தான். எனக்கு உதவியது ஒரு பழக்கம். மேடு தெரிந்தால் அதை எது இழுக்கிறது என்று தேடுவேன், வாய்க்கால் தெரிந்தால் அதில் எது ஓடுகிறது என்று தேடுவேன். எப்போதும் சரியாக வராது, ஆனால் வருகிற இடங்களே போதுமான அளவு இருக்கின்றன. மேல்கை எலும்பான ஹியூமரஸின் வெளிப்பக்க நடுவில் உள்ள சொரசொரப்பு, தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசை இழுக்கும் இடம். அதையொட்டிப் பின்பக்கம் சரிந்து இறங்கும் வாய்க்காலில் ரேடியல் நரம்பு எலும்பை ஒட்டியே ஓடுகிறது. எலும்பு நடுவில் முறிந்து அந்த நரம்பும் அடிபட்டால் மணிக்கட்டை நிமிர்த்த முடியாமல் கை தொங்கிவிடும். இதை ஒருமுறை புரிந்துகொண்டால் அந்த வாய்க்காலின் பெயர் மறக்காது. காதுக்குப் பின்னால் விரலுக்குத் தட்டுப்படும் மாஸ்டாய்டு மேட்டையும் தொட்டுப் பாருங்கள். பிறந்த குழந்தைக்கு அந்த மேடு கிடையாது. குழந்தை தலை தூக்கத் தொடங்கியபின், கழுத்துத் தசை இழுக்க இழுக்க அது வளர்கிறது.

மூட்டு வகைகளின் பட்டியலை ஒரு மாலையில் முடித்துவிடலாம், அதில் அதிகம் பேச எதுவுமில்லை. தோளையும் இடுப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் சுவாரசியம். இரண்டும் பந்துக் கிண்ண மூட்டு என்றுதான் புத்தகம் சொல்லும். ஆனால் இடுப்பில் இருப்பது ஆழமான கிண்ணம், தொடை எலும்பின் தலை அதற்குள் நன்றாகப் புதைந்திருக்கும். தோளில் இருப்பது கிண்ணமே இல்லை, ஒரு சின்னத் தட்டு. பந்து உருண்டு விழாமல் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருப்பவை சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரெஸ் மைனர், சப்ஸ்கேபுலாரிஸ் என்ற நான்கு தசைகள். எல்லாப் பக்கமும் கை சுழல்வதற்குத் தோள் கொடுக்கும் விலை, பெரிய மூட்டுகளில் அடிக்கடி நழுவுவது அதுதான்.

கையைத் தலைக்கு மேல் தூக்குவது தோள் மூட்டின் வேலை மட்டும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவரைக் கை தூக்கச் சொல்லி, அவர் தோள்பட்டை எலும்பின் கீழ்மூலையில் விரலை வையுங்கள். கை ஏற ஏற அந்த மூலை வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். 180 பாகையில் ஏறக்குறைய 120 தோள் மூட்டிலும் 60 தோள்பட்டை எலும்பின் சுழற்சியிலும் கிடைக்கிறது.

விரல்களுக்கு ஒரு விளையாட்டு. உள்ளங்கையை மேசைமேல் வைத்து நடுவிரலை மட்டும் உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். இப்போது மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கினால் கட்டைவிரல், சுட்டுவிரல், சுண்டுவிரல் எழும்பும். மோதிரவிரல் அசையாது. விரலுக்குள் அதை நிமிர்த்தும் தசை எதுவும் கிடையாது, முன்கைத் தசையிலிருந்து வரும் டெண்டான்கள்தான் இழுக்கின்றன. அந்த டெண்டான்கள் புறங்கையில் சிறு பட்டைகளால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கின்றன. நடுவிரலை மடித்ததும் அதன் டெண்டான் முன்னால் இழுபட்டு, பக்கத்து டெண்டானையும் தன்னோடு இழுத்துத் தளர்த்திவிடுகிறது. சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தனித்தனியாக இன்னொரு தசை உண்டு, அதனால் அவை தப்பித்துக்கொள்கின்றன.

இடையில் ஒரு புலம்பல். தமிழில் 'தசைநார்' என்ற சொல்லை டெண்டானுக்கும் போடுகிறார்கள், லிகமெண்டுக்கும் போடுகிறார்கள். டெண்டான் தசையை எலும்போடு கட்டுவது, லிகமெண்ட் எலும்பை எலும்போடு கட்டுவது. படிக்கும்போது எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நரம்புகளைத் தசைக்குத் தசை தனியாகப் படிக்காதீர்கள், அறை அறையாக, அதாவது ஒரே பக்கத்துத் தசைகளைக் கூட்டம் கூட்டமாகப் படியுங்கள். மேல்கையின் முன் அறைக்கு மஸ்குலோகியூட்டேனியஸ், பின் அறைக்கு ரேடியல். முன்கையின் பின்பக்கம் முழுக்க ரேடியலும் அதன் கிளையும். முன்பக்கம் மீடியன், அதில் ஒன்றரைத் தசை (ஒன்று முழுசாக, இன்னொன்றில் பாதி) மட்டும் அல்னாருக்கு. தொடையில் முன்னால் ஃபெமோரல், உள்பக்கம் ஆப்டுரேட்டர், பின்னால் சையாட்டிக். இந்த வரிசையில் சேராதவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தொடையின் உள்பக்கத் தசையான அடக்டர் மேக்னஸுக்கு ஆப்டுரேட்டர், சையாட்டிக் இரண்டும் வரும் என்பதுபோல. என் தாள் பாதிப் பக்கம்கூட நிரம்பவில்லை.

மணிக்கட்டின் எட்டுக் குட்டி எலும்புகளுக்கு மட்டும் இந்த வித்தையெல்லாம் செல்லாது. அவற்றை வரிசையாக நெட்டுருப் போட வேண்டியதுதான், நானும் அப்படித்தான் செய்தேன். அவற்றிலும் ஸ்கஃபாய்டு தனியாக நினைவில் நின்றதற்குக் காரணம் உண்டு. அதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்து உள்ளே வருகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு ரத்தம் நின்று, அந்தத் துண்டு செத்துப்போகலாம். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் தெரியும் குழியில், விழுந்தவருக்கு அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

கடைசியாக உங்கள் கிளாவிக்கிள். உருண்டு தடித்த முனை மார்பெலும்புப் பக்கம், தட்டையான முனை தோள் பக்கம். மார்புப் பக்க மூன்றில் இரண்டு பங்கு முன்னோக்கி வளைந்திருக்கும். அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும், சப்கிளேவியஸ் தசை ஒட்டும் இடம் அது. தடித்த முனை நடுவில், வளைவு முன்னால், பள்ளம் கீழே என்று உங்கள் கழுத்துக்கடியில் வைத்துப் பாருங்கள். மூன்றும் எந்தப் பக்கம் பொருந்துகிறதோ அந்தப் பக்கத்து எலும்பு அது. பள்ளத்தைப் பார்க்க மறந்தால் மேல் கீழ் மாறி, இடது வலதாகிவிடும். பைசெப்ஸுக்குப் பிறகு அந்த வைவாவில் என்னை எடுக்கச் சொன்ன எலும்பு இதுதான், நான் பள்ளத்தைப் பார்க்கவில்லை.