பங்குதாரர் விற்க மறுத்தால்

நண்பரோடு ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய வீட்டை விற்க அவர் மறுக்கிறார், எழுத்தில் ஒப்பந்தமும் இல்லை என்கிறீர்கள். கோபத்தில் கடன் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கூட்டாகக் கையெழுத்திட்ட கடன் என்றால் வங்கி முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம்.

வங்கிக் கணக்கு விவரம், ரசீது, வாட்ஸ்அப் செய்திகளைத் தேதிவாரியாகச் சேருங்கள். யார் எவ்வளவு போட்டார் என்பதற்கு அவைதான் ஆதாரம்.

அப்புறம் இதை எழுத்தில் கேளுங்கள்: ஒருவர் பாதிப் பங்குக்கு விலை சொல்லட்டும், அந்த விலைக்கு அவர் பங்கை வாங்குவதா, தன் பங்கை விற்பதா என்று மற்றவர் முடிவு செய்யட்டும். வாங்க வேண்டிவருமா விற்க வேண்டிவருமா என்று விலை சொல்பவருக்குத் தெரியாததால், விலை பெரும்பாலும் நியாயமாக வரும். ஆனால் அவரிடம் கைக்காசு குறைவு என்றால் இது அவரை நெருக்கிவிடும், பணம் திரட்ட அவகாசம் கொடுங்கள். ஒத்துவராவிட்டால் மத்தியஸ்தர். வழக்கு கடைசியில்தான், நீதிமன்றம் ஏலத்துக்கு விட்டால் இருவருக்குமே குறைவாகக் கிடைக்கலாம்.