எண்ணெயை விடவா, குடிக்கவா?

கேள்வி: இரவில் பாரை மீன் பொரியலோடு சோறு சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்செரிவு. எண்ணெயை அறவே விடச் சொல்கிறா அண்ணி. விடிய வெறும் வயிற்றில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் குடித்தால் குடல் கழுவுப்படும் என்கிறா மாமி. யார் சொல்வதைக் கேட்க?
– வாசகி, உப்புவெளி

பதில்: இரண்டும் வேண்டாம். மாமி சொல்லும் ஒரு மேசைக்கரண்டியில் 14 கிராம் கொழுப்பு, ஏறத்தாழ 120 கலோரி. அதைச் சிறுகுடலே அநேகமாக முழுதும் உறிஞ்சிவிடும். கழுவுவதற்கு என்ன மிஞ்சும்? அண்ணி சொல்கிறபடி அறவே விட்டாலோ ஏ, டி, ஈ, கே விற்றமின்கள் சரிவர உடலில் சேரா. பித்தப்பையும் வேலையில்லாமல் கிடந்தால் அதற்குள் பித்தம் தேங்கிக் கல்லாகலாம்.

உங்கள் நெஞ்செரிவுக்கு முதற் காரணம் நேரம். கொழுப்பு சிறுகுடலுக்குள் இறங்கியதும் இரைப்பை மெதுவாகவே காலியாகும். உணவுக்குழாயின் அடியிலுள்ள தசையும் தளரும். அந்த நிலையில் படுத்தால் அமிலம் மேலே ஏறத்தான் செய்யும். பொரியலை மதியத்துக்கு மாற்றுங்கள். இரவில் அதே மீனைத் தேங்காயின் இரண்டாம் பாலில் சொதியாக்கலாம் (முதற்பால் 100 மில்லியில் 20 கிராம் அளவில் கொழுப்பு இருக்கிறது, அதையும் எண்ணெய்க் கணக்கிலேயே சேருங்கள்). சாப்பிட்டு 3 மணி நேரம் சரிய வேண்டாம்.

அடுத்தது தாச்சி. மீனின் ஈரத்தைத் துடையுங்கள். எண்ணெய் 170–180 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கவேண்டும். காய்ந்த மர அகப்பைக் காம்பை வைத்தால் சுற்றிவரச் சிறு குமிழ்கள் விடாமல் எழும்பும். தாச்சி நிறைய அடுக்கினால் சூடு இறங்கி, மீன் எண்ணெய் குடிக்கும். கறுத்து நுரைக்கிற, பிசுபிசுத்த எண்ணெயைக் கொட்டிவிடுங்கள். புதிது கலந்தால் பழையது திருந்தாது.

கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பின் வலது விலாவின் கீழ் வலித்து, வலி தோளுக்குப் போனால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். ஸ்கான் எடுக்க வேண்டும். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். நெஞ்சு இறுகி வியர்த்தால் நெஞ்செரிவு என்று நினைத்து வீட்டில் இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: பூச்சி போக, பிள்ளைகளுக்கு மாதமொருமுறை விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: வேண்டாம். அது குடலைத் தூண்டிச் சுருங்க வைப்பதால்தான் பேதியாகிறது, பூச்சி சாகாது. பிள்ளைக்கு வயிற்று முறுக்கும், நீரும் உப்பும் இழப்பதுமே மிச்சம். பூச்சிக்குரிய குளிசையை வயதைச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளும் விளக்கெண்ணெய் குடிக்கக்கூடாது, கருப்பையும் சுருங்கத் தொடங்கலாம்.