மெய்க்டிலா ஷெர்மனுக்கு எந்தப் பச்சை?

வியாசர்பாடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: “1/35 அளவில் ஷெர்மன் டாங்க் பிளாஸ்டிக் மாடல் ஒட்டி முடித்துவிட்டேன். என் தாத்தா பர்மாவிலிருந்து வந்தவர். அதனால் 1945-இல் அங்கே மெய்க்டிலாவில் சண்டையிட்ட, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் ராயல் டெக்கான் ஹார்ஸ் படையின் டாங்க்காக இதை ஆக்க ஆசை. கிட்டோடு வந்த தாளில் டாமியா கம்பெனி பெயின்ட் நம்பர் எக்ஸ்.எஃப்-62 என்று மட்டும் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் ‘ஆவடி ஒரிஜினல் மிலிட்டரி பெயின்ட்’ 100 மில்லி 900 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?”

வாங்காதீர்கள். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை வந்ததே 1961-இல். உங்கள் டாங்க் சண்டை போட்டது அதற்குப் பதினாறு வருடம் முன்னால், அதுவும் அமெரிக்காவில் செய்த வண்டி. அந்த பெயின்ட் நிஜமாகவே ஆவடியிலிருந்து வெளியே வந்தது என்றால் அது திருட்டுச் சாமான், வீட்டில் வைக்கவே கூடாது. பெரும்பாலும் அப்படியும் இருக்காது. போன வருடம் ஒரு பையன் இதே மாதிரி ஒரு பாட்டிலை என்னிடம் கொண்டுவந்தான். மூடியைத் திறந்ததுமே, பிளாஸ்டிக்கையே கரைக்கும் என்.சி. தின்னர் நெடி மூக்கில் ஏறியது. கிட் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி உள்ளே போட்டு வைத்தேன். காலையில் எடுத்தால் சூயிங்கம் மாதிரி இழுபட்டது. பீரோவுக்கு அடிக்கும் பெயின்ட்டைச் சின்ன பாட்டிலில் ஊற்றி, ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். ஸ்டிக்கரில் எஃப்.எஸ். 34087 என்று நம்பர் வேறு. அந்த அமெரிக்க நிற நம்பர் முறையே 1956-இல் வந்தது!

இவர்கள் பிழைப்பு ஓடுவதற்கு மற்றவர்களும் காரணம். கிட் கம்பெனிகள் தங்கள் பாட்டில் நம்பரைப் போடுவார்களே தவிர, நிஜ நிறத்தின் பெயரைப் போட மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றால், தீப்பற்றும் பெயின்ட்டை விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள். பத்து மில்லி பாட்டிலுக்கு நாம் எத்தனை பேரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது!

சரி, நிறத்துக்கு வருகிறேன். ஷெர்மன் என்றால் ஆலிவ் டிராப் என்ற அமெரிக்க ராணுவப் பழுப்புப் பச்சை, எக்ஸ்.எஃப்-62 போதும் என்றுதான் பொதுவாகச் சொல்வேன். உங்களுடையது விதிவிலக்கு. பிரிட்டிஷ் ராணுவம் 1944-இல் தன் வண்டிகளுக்கும் ஆலிவ் டிராப் மாதிரியான எஸ்.சி.சி. 15 என்ற நிறத்தை எடுத்துக்கொண்டது (எஸ்.சி.சி. என்பது பிரிட்டிஷ் நிற நம்பர்). அமெரிக்க வண்டிகளுக்கு மறுபடி பெயின்ட் அடிக்கும் வேலை மிச்சம் என்பதுதான் காரணம். அது ஐரோப்பாவுக்கு. கிழக்கே பர்மா பக்கம் எஸ்.சி.சி. 13, ஜங்கிள் கிரீன் என்று தனி நிறம் இருந்தது, ஆலிவ் டிராபைவிடக் கருத்தது. பட்டறைக்குப் போன டாங்க் என்றால் இந்த நிறம், கப்பலில் வந்தபடியே ஓடியது என்றால் ஆலிவ் டிராப். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து எது என்று அடித்துச் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள். மாற்றிப்போட்ட சக்கரம் ஒன்று வேறு பச்சையில் இருந்தாலும் தப்பில்லை. நான் என்றால் ஜங்கிள் கிரீன்தான் அடிப்பேன். எக்ஸ்.எஃப்-62 பத்துச் சொட்டுக்கு எக்ஸ்.எஃப்-61 அடர்பச்சை மூன்று நான்கு சொட்டு, இது என் கைக்கணக்கு.

அதில் எக்ஸ்.எஃப்-57 பஃப், அதாவது வெளிர் மணல் நிறம், இரண்டு சொட்டு சேருங்கள். 1/35 மாடலை முப்பது சென்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பது, நிஜ டாங்க்கைப் பத்தரை மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அத்தனை தூரத்தில் நிறம் கொஞ்சம் வெளுத்துத்தான் தெரியும். நிஜ நிறத்தை அப்படியே அடித்தால் மாடல் கருகிப்போன மாதிரி இருக்கும்.

கலந்ததை நேராக டாங்க்கில் அடிக்காதீர்கள். வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றின் முதுகில் அடித்து, காய்ந்ததும் காலை ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில், நேர் வெயில் படாத நிழலில் பாருங்கள். டியூப் லைட்டில் பச்சையாகத் தெரிந்தது அங்கே காப்பித்தூள் நிறமாகத் தெரியலாம். பகல் வெளிச்சத்தில் தெரிவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மெய்க்டிலா மழை குறைந்த புழுதிக்காடு. சங்கிலியிலும் கீழ்ப்பகுதியிலும் பஃபை நன்றாக நீர்க்கக் கலந்து பூசிவிட்டால், பச்சையில் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. அப்புறம் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். மழை விட்டு, கொடியில் போட்ட துணி மதியத்துக்குள் காய்கிற நாளாகப் பார்த்து அடியுங்கள்.